பைப் வெல்டர் வேலைக்கு மார்க்கா, கையா?

பத்தாவதில் மார்க் குறைந்தால் ஐ.டி.ஐ., அங்கேயும் விரும்பிய டிரேடு கிடைக்காவிட்டால் வெல்டர் டிரேடு என்று ஒரு வரிசையை நம் வீடுகளில் பல காலமாக வைத்திருக்கிறோம். எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் சேரலாம், ஓராண்டில் முடிந்துவிடும் என்பதால் அந்தப் படிப்புக்கு மரியாதையும் குறைவு. வேலை கொடுப்பவர்கள் இந்த வரிசையைப் பார்ப்பதே இல்லை. திருச்சியில் பெல் ஆலையை ஒட்டி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளிலும், சுத்திகரிப்பு ஆலைகளை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலையிலும், வளைகுடா நாட்டு சைட்டுகளுக்கு ஆள் எடுக்கும் இடங்களிலும் சான்றிதழை வாங்கி நகல் எடுத்துக்கொள்வார்கள். அதில் என்ன மார்க் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அடுத்த கேள்வி ஒன்றுதான்: "6ஜி போடுவியா?"

6ஜி என்பது பைப்பைக் கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரி சாய்த்து, அசையாமல் கட்டி, அதைச் சுற்றி முழுதும் வெல்டு போடும் சோதனை. பைப்பைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். அடியில் தலைக்கு மேல் போடுவது, பக்கத்தில் மேல்நோக்கிப் போடுவது, உச்சியில் கிட்டத்தட்டத் தட்டையாகப் போடுவது என எல்லா நிலையும் ஒரே மூட்டில் வந்துவிடும். அதனால்தான் ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) செக்ஷன் 9 விதிப்படி 6ஜி தேறியவர் பைப்பிலும் பிளேட்டிலும் எல்லா நிலையிலும் வெல்டு போடத் தகுதி பெறுகிறார். பாய்லர் வேலை என்றால் 1950ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறை விதிகளின் கீழ் கொதிகலன் துறை நடத்தும் வெல்டர் தேர்வு தனியாக உண்டு. அங்கேயும் தேர்வுத்தாள் ஓர் இரும்புக் குழாய்தான்.

ஐ.டி.ஐ. தேர்வை வீண் என்று சொல்ல மாட்டேன். செய்முறையில் 60 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி, எழுத்துத் தேர்வில் 33 போதும் என்று வைத்திருப்பதே கைவேலைக்குத்தான் எடை என்று காட்டுகிறது. ஆனால் அங்கே செய்முறை பெரும்பாலும் பிளேட்டில். எழுத்துத் தேர்வு கணினியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அசிட்டிலின் சிலிண்டர் மெரூன் நிறம், ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு என்று சரியாக டிக் அடித்தவருக்கு, ரூட் (மூட்டின் அடியில் போடும் முதல் அடுக்கு) போடும்போது மின்விசிறிக் காற்று வெல்டைக் காக்கும் ஆர்கான் வாயுவைக் கலைக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. 95 மார்க் எடுத்தவரும் 62 எடுத்தவரும் பைப் முன் நிற்கும்போது ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்.

மார்க் உண்மையிலேயே எடுபடும் இடங்களும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு உழைப்பது நல்லது. ரயில்வேயின் அப்ரெண்டிஸ் சேர்க்கையில் பத்தாம் வகுப்பு மார்க்கையும் ஐ.டி.ஐ. மார்க்கையும் சராசரி எடுத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். அங்கே நேர்காணலோ கூப்பனோ (சோதனைக்காக வெல்டு போட்டுக் காட்டும் துண்டு) கிடையாது. ஆகவே அரசு ஆலைகளையும் ரயில்வேயையும் குறிவைப்பவர் பத்தாவது மார்க்கை விட்டுவிடக் கூடாது. இன்னொன்று பாஸ்போர்ட். பத்தாம் வகுப்பு தேறாதவருக்குப் பொதுவாக இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) முத்திரையோடுதான் பாஸ்போர்ட் கிடைக்கும். வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். தேறியவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அங்கே எத்தனை மார்க் என்பது கணக்கில்லை, தேர்ச்சியே கணக்கு. எட்டாவதோடு நின்று வெல்டர் ஆனவர்கள் தனித்தேர்வராகவாவது பத்தாவதை எழுதி முடிப்பது வெறும் கௌரவத்துக்காக அல்ல.

இனி கூப்பன். வெல்டு போடும் முன்பே பாதி முடிவாகிவிடும் வேலை இது.

இரண்டு அங்குல பைப், அதாவது வெளிவிட்டம் 60.3 மி.மீ., கனத்த சுவர், ரூட்டுக்கு ஆர்கான் வெல்டிங் (டிக்), மேலே 7018 என்ற பூச்சு ராடால் ஆர்க் வெல்டிங் என்பது இங்கே பரவலாகத் தரும் சோதனை. ஏன் இரண்டு அங்குலம்? வெளிவிட்டம் 25 மி.மீ. முதல் 73 மி.மீ. வரையுள்ள கூப்பனில் தேறினால் 25 மி.மீ.க்கு மேற்பட்ட எல்லா விட்டத்துக்கும் தகுதி. ஆறு அங்குல பைப்பில் தேறினால் 73 மி.மீ.க்கு மேல் மட்டும்தான். சுவர் கனத்திலும் கணக்கு உண்டு: நீங்கள் நிரப்பிய கனத்தைப் போல இரண்டு மடங்குக்குத் தகுதி, 13 மி.மீ. அல்லது அதற்கு மேல் மூன்று அடுக்காவது போட்டு நிரப்பியிருந்தால் மேல்வரம்பு இல்லை. டிக், ஆர்க் இரண்டையும் ஒரே மூட்டில் போட்டால் ஒவ்வொன்றின் கனமும் தனித்தனியாகக் கணக்காகும். டிக்கில் 3 மி.மீ. போட்டவருக்கு டிக்கில் 6 மி.மீ. வரைதான். இந்தக் கணக்கு தெரியாமல் "எனக்கு எல்லா பைப்பும் ஓகே" என்று சொல்லிக்கொண்டு போய், சைட்டில் தகுதி கார்டைப் பார்த்ததும் வேறு வேலைக்கு மாற்றப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

பெவல், அதாவது பைப் முனையில் வெட்டும் சரிவு, ஒவ்வொரு பக்கமும் 30 முதல் 37.5 டிகிரி. விளிம்பிலிருந்து 25 மி.மீ. தூரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கறுப்புத் தோல் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். வெளியே எல்லோரும் தேய்க்கிறார்கள்; உள்ளே தேய்ப்பதில்லை. ரூட்டில் வரும் போராசிட்டிக்கு, அதாவது வாயுத் துளைகளுக்கு, பல நேரம் அந்த உள்பக்கத் துருவும் எண்ணெயும்தான் காரணம். ரூட் ஃபேஸை, அதாவது சரிவின் அடியில் விடும் தட்டை விளிம்பை, அரத்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மி.மீ.க்குச் சீராக்குங்கள். ஒரு இடத்தில் அரை, இன்னொரு இடத்தில் இரண்டு என்று இருந்தால் ஓரிடத்தில் ஓட்டை விழும், அடுத்த இடத்தில் விளிம்பு உருகாமல் நிற்கும். கை மீது பழி போடுவோம். தவறு அரத்தில் இருக்கும்.

இரு பைப் முனைகளுக்கும் நடுவே விடும் இடைவெளிக்கு 3.15 மி.மீ. ராடின் பூச்சைத் தட்டிவிட்டு உள்கம்பியை 'வி' போல வளைத்து நடுவில் வைப்பது வழக்கம். ஃபில்லர் கம்பி 2.4 மி.மீ. என்பதால் இடைவெளி அதைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். வெல்டு ஆறும்போது சுருங்கி இடைவெளியை இழுக்கும். அதனால் கடைசியாகப் போடப்போகும் பக்கத்தில் அரை மி.மீ. கூடுதலாக வைத்து டேக் (பிடிப்புக்கான சிறு வெல்டு) அடிக்க வேண்டும். இதைச் செய்யாதவருக்கு முதல் பாதி அழகாக வரும், இரண்டாம் பாதியில் கம்பியே உள்ளே போகாது. மூன்று டேக் போதும். ஒவ்வொரு டேக்கின் இரு முனையையும் கிரைண்டரில் சரிவாக, கத்தி முனை மெலிதாகும்வரை தேய்க்காவிட்டால் டேக்கும் ரூட்டும் சேரும் இடத்தில் உருகாத கோடு நிற்கும். எக்ஸ்ரே ஃபிலிமில் முதலில் தெரிவது அந்தக் கோடுதான்.

டிக் டார்ச்சில் ஆர்க் எழும் டங்ஸ்டன் கம்பி 2.4 மி.மீ., முனை நீளம் அதன் விட்டத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு. தேய்ப்பது நீளவாக்கில், குறுக்கே தேய்த்தால் ஆர்க் அலையும். ஆர்கான் நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். அதிகம் விட்டால் நல்லது என்று 20 வைப்பவர்கள் உண்டு. வாயு சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுத்து நிலைமையைக் கெடுத்துவிடும். மின்னோட்டம் 90 முதல் 110 ஆம்பியர், டார்ச் நெகட்டிவில்.

தொடக்கம் அடியில், கடிகாரத்தின் ஆறு மணி இடத்தைத் தாண்டி 10 மி.மீ. அந்தப்பக்கம். அப்படிப் போனால்தான் மறுபாதி தொடங்கும்போது பழைய முனையைத் தேய்த்து அதன் மீது ஏற முடியும். இரண்டு விளிம்பும் உருகி ஒரு சிறு சாவித்துளை போலத் திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கம்பியைக் கொடுக்க வேண்டும். பார்க்காமல் கம்பி கொடுத்தால் மேலே பாலம் கட்டியது போல இருக்கும், உள்ளே விளிம்பு அப்படியே நிற்கும்.

ஆறு மணி இடத்தில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். அங்கே உருகிய உலோகம் தன் எடையால் கீழே, அதாவது வெளிப்பக்கம் தொங்கும், உள்பக்கம் குழிந்துவிடும். சக் பேக் என்பது இதுதான். சூட்டைக் கூட்டினால் சரியாகும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் கூட்டினால் இன்னும் தொங்கும். செய்ய வேண்டியது, ஐந்து பத்து ஆம்பியர் குறைத்து, கம்பி முனையை ரூட்டின் உள்விளிம்புவரை தள்ளிக் கொடுத்து, உருகிய உலோகக் குளத்தைச் சிறிதாக வைத்திருப்பது. பன்னிரண்டு மணியில் நேரெதிர்: அங்கே உலோகம் உள்ளே சொட்டும், கம்பியை வெளிப்பக்கமாகவே வைத்துக் கொஞ்சம் வேகமாக நகர வேண்டும். ஒரே மூட்டுக்குள் ஒரு மணிக்கு ஒரு கை. இதை எந்த வினாத்தாளிலும் கேட்க முடியாது. கேட்டாலும், விடை தெரிந்தவருக்கெல்லாம் கை அப்படிப் போகாது.

நிறுத்தும்போது ஆர்க்கைச் சட்டென்று இழுக்காதீர்கள். குளம் நடுவில் சுருங்கி ஊசித்துளை விடும். ஆர்க்கைப் பக்கச் சுவர் மீது ஏற்றி மெல்லச் சுருக்கி அணைத்து, வாயு நிற்கும்வரை டார்ச்சை அங்கேயே பிடிக்க வேண்டும். கம்பி முனையும் அதுவரை வாயுவுக்குள் இருக்கட்டும். வெளியே எடுத்துக் கறுத்துவிட்டால் அந்த முனையை வெட்டிவிட்டுத் தொடருங்கள்.

ரூட்டின் மேல் உடனே 7018 போட்டு ஓட்டை விடுவது அடுத்த பொதுத் தவறு. டிக்கில் குறைந்தது மூன்று மி.மீ. கனம் இருக்கட்டும், சந்தேகம் இருந்தால் டிக்கிலேயே இன்னொரு அடுக்கு போடுங்கள். பிறகு 2.5 மி.மீ. 7018, பாசிட்டிவில், 70 முதல் 90 ஆம்பியருக்குள். ஆர்க் ராடின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. நீண்டால் போராசிட்டி நிச்சயம். பற்றவைக்கும் இடத்தில் வரும் ஊசித்துளைகளைத் தவிர்க்க, தொடங்க வேண்டிய இடத்துக்கு 10 மி.மீ. முன்னால் தட்டி, பின்னால் வந்து, அதன் மேலேயே உருக்கிக்கொண்டு போக வேண்டும்.

ராடை 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கி, பிறகு 120 டிகிரிக்குக் குறையாமல் ஓவனில் வைத்து, நாலைந்தாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். பூச்சில் ஏறிய ஈரம் ஹைட்ரஜனாகப் பிரிந்து வெல்டுக்குள் போகும். கனத்த சுவரில் அது பல மணி நேரம் கழித்து விரிசலாக வெளிப்படும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், மழைக்காலத்தில் திறந்து போட்ட ராடு பாக்கெட்டை மறுநாள் எடுத்துப் போட்டுப் பழகுவது கெட்ட பழக்கத்தைத்தான் பழக்கும்.

நிரப்பும்போது பைப் சாய்ந்திருப்பதால் உலோகம் எப்போதும் கீழ்ப்பக்க விளிம்புக்கு ஓடப்பார்க்கும். மேல் விளிம்பில் அண்டர்கட் என்ற அரிப்புப் பள்ளம், கீழ் விளிம்பில் உருகாமல் படிந்த மடிப்பு என்ற இரண்டும் சேர்ந்தே வரும். மேல் விளிம்பில் ஒரு கணம் கூடுதலாக நிறுத்தி, கீழே நிற்காமல் திரும்ப வேண்டும். ராடின் பக்கவாட்டு ஆட்டம் ராடு விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் நடு மேடாகவும் இரு ஓரமும் பள்ளமாகவும் இருந்தால் கிரைண்டரை எடுங்கள். அந்தப் பள்ளத்தில் ஸ்லாக் (ராடு பூச்சின் கசடு) ஒளிந்துகொண்டால் ஃபிலிமில் இரண்டு இணைகோடாகத் தெரியும். அடுத்த அடுக்கின் சூட்டில் உருகி வெளியே வந்துவிடும் என்று நம்பி மேலே மூடுவது வீண் நம்பிக்கை. மேற்பரப்புக்கு ஒரு மி.மீ. கீழே நிரப்பி நிறுத்துங்கள். பெவல் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால்தான் கேப்பிங் (கடைசி மேலடுக்கு) நேராகப் போகும். கேப் உயரம் 3 மி.மீ.க்குள், இரு பக்கமும் விளிம்பைத் தாண்டி ஒன்றரை இரண்டு மி.மீ. போதும்.

முதலில் கண்ணால் பார்ப்பார்கள். பாதிப் பேர் அங்கேயே போய்விடுவார்கள். அதைத் தாண்டினால் ரேடியோகிராஃபி (எக்ஸ்ரே படம்) அல்லது பெண்ட் டெஸ்ட். விரிசல், உருகாமை, பெனட்ரேஷன் (அடிவரை ஊடுருவல்) இன்மை மூன்றும் எவ்வளவு சிறிதானாலும் ஃபெயில். ஸ்லாக்குக்கு வரம்பு உண்டு: 10 மி.மீ. வரை கனமுள்ள சுவரில் 3 மி.மீ. நீளம். உருண்டைத் துளை கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது 3 மி.மீ., இதில் எது சிறிதோ அது. பெண்ட் டெஸ்ட் என்றால் 6ஜி கூப்பனிலிருந்து நான்கு பட்டைகள் வெட்டி 180 டிகிரி வளைப்பார்கள். வளைந்த புறத்தில் 3 மி.மீ.க்கு மேல் வாய் திறந்தால் தோல்வி. உடனே மறுசோதனை கேட்டால் ஒன்றுக்கு இரண்டாக அடுத்தடுத்த கூப்பன்கள் போட வேண்டும், இரண்டும் தேற வேண்டும்.

பழகுபவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது: போட்ட கூப்பனை உடைத்துப் பாருங்கள். வெளியே அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்துவிட்டு மூலையில் போடுவதால் எதுவும் கற்க முடியாது. வெல்டின் குறுக்கே ஒரு பட்டை வெட்டி, இரு ஓரத்திலும் வெல்டு நடுவில் ஆக்சா பிளேடால் ஐந்தாறு மி.மீ. கீறி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்தால் பிளந்துகொள்ளும். உடைந்த முகத்தில் துளை, ஸ்லாக், உருகாத பளபளப்பு எல்லாம் அப்படியே தெரியும். எந்த மணி இடத்தில், எந்த அடுக்கில் என்று எழுதி வையுங்கள். ஐந்து கூப்பனுக்குள் உங்கள் கை எங்கே தவறுகிறது என்று தெரிந்துவிடும். அநேகமாக ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்பத் தவறும். பைப் விலை பயமுறுத்தினால், வெல்டை வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் பெவல் போட்டு அதே துண்டை நீளம் தீரும்வரை பயன்படுத்தலாம். ஒரே நாளில் 6ஜிக்குத் தாவாமல் பிளேட்டில் 3ஜி (செங்குத்து), 4ஜி (தலைக்கு மேல்), பிறகு பைப்பில் 2ஜி (நிமிர்ந்த பைப்), 5ஜி (கிடையான அசையாத பைப்) என்று வந்தால் பைப் குறைவாகவே செலவாகும்.

கை மட்டும் போதும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மின் நிலையப் பைப்புகளில் வரும் 9 விழுக்காடு குரோமியம் கலந்த உலோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 200 டிகிரிக்குச் சூடாக்காமல் தொட்டால் எவ்வளவு அழகான கையாக இருந்தாலும் விரியும். ரூட் போடும்போது பைப்பின் உள்ளேயும் ஆர்கான் நிரப்பாவிட்டால் பின்பக்கம் கரித்துப் போய் வெல்டு பாழாகும். இதெல்லாம் டபிள்யூ.பி.எஸ். என்ற ஒரு தாளில் எழுதியிருக்கும்: எந்த உலோகக் குழு, எந்த ராடு, எந்த நிலை, எத்தனை டிகிரி, எத்தனை ஆம்பியர். அந்தத் தாளைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் வெல்டருக்குத்தான் முக்கியமான மூட்டுகளைத் தருகிறார்கள். மற்றவர் பக்கத்தில் ஒரு சூபர்வைசர் நிற்க வேண்டும். ஐ.டி.ஐ. பாடப்புத்தகத்தில் இருக்கும் படிப்பு இங்கே உயிர் பெறுகிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்தவர் மறுபடி அதைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கும். பொறியியல் பட்டதாரிகளுக்கும் இதே நிலைதான். எட்டு செமஸ்டரும் முதல் வகுப்பில் தேறியவர் ஐசோமெட்ரிக் வரைபடத்தில் எது பட்டறையில் போடும் ஷாப் ஜாயிண்ட், எது சைட்டில் போடும் ஃபீல்டு ஜாயிண்ட் என்று சொல்லத் தடுமாறினால் சைட்டில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் நிலைக்க முடியாது.

நாற்பது வயதுக்கு மேல் வளைந்து குனிந்து 6ஜி போட முதுகும் கண்ணும் ஒத்துழைப்பது கடினம். அப்போது தாண்ட வேண்டிய கதவு ஆய்வாளர் வேலை. ரேடியோகிராஃபி, அல்ட்ராசானிக் லெவல் 2, அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் சி.டபிள்யூ.ஐ., பிரிட்டனின் சி.எஸ்.டபிள்யூ.ஐ.பி. எல்லாமே எழுத்துத் தேர்வு உள்ளவை, சிலவற்றில் ஆங்கிலத்தில் விதிநூலைப் புரட்டி விடை தேட வேண்டும். சி.டபிள்யூ.ஐ.யில் படிப்பு குறைந்தவருக்குக் கூடுதல் ஆண்டு அனுபவம் கேட்பார்கள். பள்ளிப் படிப்பை அலட்சியம் செய்தவருக்கு இது இருபது ஆண்டு கழித்து உறுத்தும். அதனால் 25 வயது வெல்டர் ஒருவர் வேலை முடிந்த மாலைகளில் ஆங்கிலம் படிக்கிறார் என்றால், அவர் தொழிலை விட்டு விலகுகிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தேறிய பிறகு கவனிக்க வேண்டிய ஒன்று: தகுதி நிரந்தரம் அல்ல. ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் வெல்டு போடாமல் இருந்தால் அந்த முறைக்கான ஏ.எஸ்.எம்.இ. தகுதி காலாவதியாகிவிடும். டிக்கும் ஆர்க்கும் தனித்தனிக் கணக்கு. ஆர்க் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் டிக் போய்விடும். ஊருக்கு நீண்ட விடுமுறையில் வருபவர்களும் இரண்டு ஒப்பந்தத்துக்கு இடையில் சும்மா இருப்பவர்களும் இதை இழக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது தகுதிச் சான்றின் நகலையும், எந்தத் தேதியில் எந்த முறையில் வெல்டு போட்டீர்கள் என்று தரக்கட்டுப்பாட்டு அலுவலகம் வைத்திருக்கும் பதிவின் நகலையும், முடிந்தால் நீங்கள் போட்டதில் எவ்வளவு திருத்த வேண்டிவந்தது என்ற ரிப்பேர் விழுக்காட்டையும் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். அடுத்த இடத்தில் எப்படியும் புதிதாகக் கூப்பன் போடச் சொல்வார்கள், அதற்குத் தயாராகவே போங்கள். ஆனால் கூப்பனுக்கு யாரை முதலில் கூப்பிடுவது என்று பட்டியல் போடும்போது இந்தத் தாள்களைத்தான் பார்ப்பார்கள்.